குமுளி மலையில் ட்ரெய்லர் இழுக்க எந்த டீசல் கார்?

வீடு கம்பத்துலயோ சின்னமனூர்லயோ இருக்கும். ஏலக்காய்த் தோட்டம் மேல வண்டன்மேட்டுப் பக்கம். மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை உர மூட்டை, பவர் ஸ்பிரேயர், ஓஸ் சுருள், புல் வெட்டுற மெஷின் எல்லாம் ஏத்தணும். அதுக்குன்னு ஒரு பிக்கப் வாங்கி வாசல்ல நிறுத்த மனசு வராது. அப்பத்தான் இந்த யோசனை வரும்: சின்ன டீசல் கார் ஒண்ணு எடுத்து, பட்டறையில ஒரு ட்ரெய்லர் அடிச்சு மாட்டிக்கலாமே, எத்தனை எச்.பி. இருந்தா மலை ஏறும்?

எச்.பி. பிரச்சினையே இல்ல. கணக்குப் போட்டுப் பாருங்க. பழைய ஸ்விஃப்ட் டீசல், ரெண்டு ஆளோட சுமார் 1,200 கிலோ. ட்ரெய்லரும் சுமையும் 500 கிலோன்னு வைங்க. மொத்தம் 1,700. பத்துக்கு ஒண்ணு ஏற்றத்துல அது பின்னால இழுக்குறது 170 கிலோ, டயர் உருளுற தடை ஒரு 25 கிலோ. இந்த 195 கிலோவை மணிக்கு 30 கி.மீ. வேகத்துல இழுக்க ஏறத்தாழ 22 எச்.பி. போதும். அந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் எஞ்சின் குடுக்கறது 75. அதனால ஏறும். ஏறினதைப் பார்த்து "சூப்பரா இழுக்குதுங்க"ன்னு வீடியோ போடறவங்க, இறங்கும்போது பெடல் மெத்துன்னு உள்ள போனதைப் போடறதில்ல.

இறக்கத்தைப் பாருங்க. 1,700 கிலோ 100 மீட்டர் உயரம் இறங்கினா வெளியாகிற சக்தி, 1,000 வாட் அயர்ன்பாக்ஸை அரை மணி நேரம் போட்டுவச்ச சூட்டுக்குச் சமம். போடிமெட்டுல இருந்து போடிக்கு 17 கொண்டை ஊசி வளைவு, ஆயிரம் மீட்டரளவு இறக்கம். அப்படிப் பத்து அயர்ன்பாக்ஸ். கொஞ்சம் எஞ்சின் வாங்கிக்கும், கொஞ்சம் காத்து வாங்கிக்கும், மிச்சம் முழுக்க காரோட நாலு சக்கர பிரேக்குக்கு. நம்ம ஊர்ப் பட்டறை ட்ரெய்லர்ல பிரேக்குன்னு ஒண்ணு பெரும்பாலும் கிடையாதே.

அதனால கார் தேடும்போது மொதல்ல பாக்க வேண்டியது காரோட வெறும் எடை. பிரிட்டன்ல பிரேக் இல்லாத ட்ரெய்லருக்குச் சட்டமே இருக்கு: காரோட எடையில பாதி, இல்லன்னா 750 கிலோ, எது குறைவோ அதுதான் உச்சம். அது அவங்க சமவெளி ரோட்டுக்கும் சேர்த்துப் போட்டது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஏறி இறங்கறவங்களுக்கு மூணுல ஒரு பங்குதான் என் கணக்கு. இது சட்டமில்ல, என் அபிப்பிராயம்.

இப்ப ஸ்விஃப்ட்டுக்கு இதைப் போட்டா வர்ற விடை வேடிக்கையா இருக்கும். வெறும் எடை 1,050 கிலோன்னா ட்ரெய்லருக்கு 350. ட்ரெய்லரோட சொந்த எடையே 150 இருக்கும். மிச்சம் 200 கிலோ, அதாவது 45 கிலோ யூரியா மூட்டை நாலு. அந்த நாலு மூட்டையைப் பின்சீட்டை மடிச்சு உள்ளயே போட்டுக்கலாம், ட்ரெய்லரே வேண்டாம்! ஹேட்ச்பேக்குக்கு ட்ரெய்லர் உபயோகப்படறது எடைக்காக இல்ல. மருந்து நாத்தம், பெட்ரோல் ஒழுகுற மெஷின், நீளமான பைப்பு, இதெல்லாம் ஆளு உட்கார்ற இடத்துக்குள்ள வேண்டாம்னு நெனச்சா மட்டும்தான்.

ஆறு மூட்டையும் ஸ்பிரேயரும் சேர்த்து ஏத்தணும்னா கார் கனமா இருக்கணும். நெக்ஸான் டீசல் சுமார் 1,300 கிலோ, 260 நியூட்டன் மீட்டர் டார்க் (எஞ்சினோட முறுக்கு விசை). எக்ஸ்.யு.வி. 3எக்ஸ்ஓ டீசல்ல 300. கியா சோனெட்ல 250. இந்த மூணுமே போதும், டார்க் வித்தியாசத்துக்காக ஒண்ணை விட்டு ஒண்ணு வாங்கத் தேவையில்ல. ஆல்ட்ராஸ் டீசல் நல்ல கார்தான், ஆனா அது சமவெளிக்கு.

என் ஓட்டு பழைய பொலேரோவுக்கு. 75 எச்.பி., 210 டார்க்னு காகிதத்துல பார்த்தா சிரிப்பா இருக்கும். ஆனா அது ஒன்றரை டன்னுக்கு மேல கனம், தனி சேசிஸ் (கூண்டுக்கு அடியில தனி இரும்புச் சட்டம்), பின்சக்கர இழுவை. நீளம் 4 மீட்டருக்குள்ள, எஞ்சின் 1,500 சி.சி.க்குள்ள இருக்கறதால ஜி.எஸ்.டி. கணக்குல அதுவும் சின்னக் கார்தான்! டோ பாரை, அதாவது ட்ரெய்லரை மாட்டுற இரும்புத் தண்டை, சேசிஸ்லயே போல்ட் போட்டு நிறுத்தலாம்ங்கறதுதான் அதோட பெரிய லாபம்.

பின்சக்கர இழுவை ஏன் முக்கியம்னா, ட்ரெய்லர் மூக்கு, அதாவது கார்ல மாட்டுற முன்முனை, 50 கிலோ காரோட பின்னால அழுத்துதுன்னு வைங்க. கொக்கி பின் அச்சுல இருந்து 90 செ.மீ. தள்ளி இருக்கு, ஸ்விஃப்ட்டோட வீல்பேஸ் (முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவுல உள்ள தூரம்) 2.43 மீட்டர். முன்சக்கரத்துல இருந்து 18 கிலோ குறைஞ்சு, பின்சக்கரத்துல 68 கிலோ கூடும். ஏற்றத்துல காரோட எடையும் தானே பின்னால சாயும். முன்சக்கரம் இழுக்கிற கார், ஜூன் மாச மழையில சேறு படிஞ்ச வளைவோட உள்பக்கத்துல நின்னுட்டு மறுபடி கிளம்பும்போது சக்கரம் சும்மா சுத்தும். பொலேரோவுல அதே பாரம் இழுக்கிற சக்கரத்து மேலயே வந்து உட்காருது.

அடுத்தது கிளட்ச். பெரும்பாலான சின்ன டீசல் கார்ல முதல் கியர்ல 1,000 சுத்துக்கு ஏறத்தாழ 8 கி.மீ. வேகம். டர்போ ஒழுங்கா வேலை செய்ய 1,600, 1,800 சுத்து வேணும், அதாவது 13, 14 கி.மீ. வேகம். ஆனா லோயர் கேம்ப் தாண்டி லோடு லாரி பின்னால மாட்டினா நீங்க போறது 6, 7 கி.மீ. அப்ப பாதி கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டேதான் ஏறணும். பத்து நிமிஷத்துல கருகின நாத்தம் வரும். இதுக்கு மருந்து காருல இல்ல, ஓட்டுறதுல இருக்கு. லாரியை முன்னால போகவிட்டு, அகலமான இடத்துல ஓரமா நின்னு, 60, 70 மீட்டர் இடைவெளி விழுந்ததும் கிளம்பி, கிளட்ச்சை முழுசா விட்டுட்டு ஏறுங்க. பின்னாடி ஆரன் அடிச்சா அடிக்கட்டும்.

ஏ.எம்.டி. கியர் (தானே கிளட்ச் மிதிச்சு கியர் மாத்திக்கிறது) வேண்டவே வேண்டாம். அதுல இருக்கறதும் சாதா கிளட்ச்தான், மிதிக்கிறது மட்டும் மெஷின். ஏற்றத்துல ஆக்சிலேட்டர்ல பிடிச்சு நிறுத்தினா நாம பண்றதைவிட மோசமா தேய்க்கும். ஆட்டோமேட்டிக்தான் வேணும்னா சோனெட் டீசல்ல டார்க் கன்வர்ட்டர் கியர்பாக்ஸ் (கிளட்ச் தட்டுக்குப் பதிலா ஆயில் வழியா இழுவையைக் கடத்துறது) இருக்கு, அது தாங்கும்.

பழைய வண்டி எடுக்கறவங்க கிளட்ச்சை இப்படிச் சோதிங்க: லேசான ஏற்றத்துல மூணாவது கியர், 35 கி.மீ. வேகம், ஆக்சிலேட்டரை முழுசா மிதிங்க. சுத்து ஏறி, வேகம் ஏறலன்னா கிளட்ச் முடிஞ்சது. 1.3 மல்டிஜெட்ல குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ணதும் முன்பக்கம் சலசலன்னு செயின் சத்தம் கேட்டா விலகிடுங்க, ஆயிலை நேரத்துக்கு மாத்தாத வண்டி அது. டஸ்டர், ஈகோஸ்போர்ட் டீசல்னா டைமிங் பெல்ட், மாத்தின பில்லைக் கேளுங்க. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பி.எஸ். 6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில புகைக்குழாய்ல கரியைப் பிடிக்கிற டி.பி.எஃப். வடிகட்டி இருக்கு. ஊருக்குள்ளயே உருட்டினா அது அடைக்கும். மலை ஏற்றத்துல சுமையோட போறப்ப வர்ற சூட்டுல அது கொஞ்சம் சுத்தமாகும்ங்கறது ஒரு ஆறுதல்.

இதுக்கெல்லாம் முன்னாடி காரோட மேனுவலைத் திறந்து ட்ரெய்லர் பத்தி என்ன போட்டிருக்குன்னு படிங்க. நம்ம ஊர்ல விக்கிற பல சின்னக் கார்ல "ட்ரெய்லர் இழுக்கப் பரிந்துரைக்கவில்லை"ன்னு ஒத்த வரிதான் இருக்கும். வாரண்டி இருக்கிற வண்டியில அதையும் மீறினா கியர்பாக்ஸ் செலவு உங்க தலையில. ட்ரெய்லருக்குத் தனிப் பதிவு எண் வேணும், ட்ரெய்லரோட பின்பக்கத்துல, இழுக்கிற காரோட எண்ணும் எழுதியிருக்கணும், பாலிசியில ட்ரெய்லரைத் தனியா சேர்த்திருக்கணும். எல்லை தாண்டறவங்க இதுல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, கேரளா எம்.வி.டி. (மோட்டார் வாகனத் துறை) பட்டறை வேலையைக் கண்டா விடமாட்டாங்க.

மாட்டுற வேலைக்கு வருவோம். இங்கதான் நம்ம பட்டறைக்காரங்ககிட்ட சண்டை போட வேண்டியிருக்கும். பின் பம்பர் கார்டுல ஒரு பந்தை வெல்டு வச்சுக் குடுப்பாங்க, ஒத்துக்காதீங்க. கார் கூண்டோட பின்பக்கத்துல ரெண்டு நீளப் பெட்டித் தண்டு ஓடும், டோ பார் அந்த ரெண்டுலயும் பக்கத்துக்குக் குறைஞ்சது ரெண்டு போல்ட்டோட நிக்கணும். போல்ட் தலையில 8.8ன்னு (அதோட பலத்தைச் சொல்ற தர எண்) பொறிச்சிருக்கணும். எம்12 (12 மி.மீ.) போல்ட்னா இறுக்குற முறுக்கு சுமார் 80 நியூட்டன் மீட்டர். பெட்டித் தண்டு நசுங்காம உள்ள ஒரு குழாய்த் துண்டு, வெளிய 5 மி.மீ. தகடு. வெல்டு வச்சா துத்தநாகப் பூச்சு எரிஞ்சு, இரும்போட பதமும் கெட்டு, ரெண்டு மழைக்காலத்துல அந்த இடம் துருப்பிடிச்சு கிழியும். 500 கி.மீ. ஓடினதும் மறுபடி ஸ்பானர் வச்சுப் பாருங்க.

இன்னொரு வழக்கம், டிராக்டர் மாதிரி வளையமும் பின்னும். அந்த ஓட்டை கொஞ்சம் லூஸாத்தான் இருக்கும். டிராக்டருக்குப் பரவாயில்ல. கார்ல ஒவ்வொரு கியர் மாத்தும்போதும் டங்குன்னு இடிச்சு, ஓட்டை முட்டை வடிவமாயிடும். 50 மி.மீ. பந்தும் பூட்டு வச்ச கப்ளிங்கும் போடுங்க. பந்தை வருஷத்துக்கு ஒரு தடவை வெர்னியர் வச்சு அளந்து, 49 மி.மீ.க்கு வந்தா தூக்கிப் போடுங்க. ரெண்டு செயின், கப்ளிங்குக்கு அடியில குறுக்கால போட்டது. பூட்டு விட்டுப்போனாலும் மூக்கு ரோட்டுல குத்தாம செயின் மேல விழும்.

லைட்டுக்கு ஏழு பின் சாக்கெட். மஞ்சள் இடது இண்டிகேட்டர், பச்சை வலது, சிவப்பு பிரேக், வெள்ளை எர்த், பழுப்பு வலது பின்லைட், கறுப்பு இடது, நீலம் ஃபாக். பிரேக் மிதிச்சா எல்லா லைட்டும் மங்கலா மினுக்கினா பல்பை மாத்திக்கிட்டு இருக்காதீங்க, வெள்ளை ஒயரைச் சுரண்டி இறுக்குங்க. புதுக் கார்ல காரோட ஒயரை அறுத்து ஒட்டக் கூடாது. தனி ரிலே பெட்டி, பேட்டரியில இருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியா கரண்ட்.

சுமை ஏத்தறதுல ஒரே விதி: மூக்குல ட்ரெய்லரோட மொத்த எடையில 7 சதவீதம் சுத்தி இருக்கணும், 350 கிலோவுக்கு 25 கிலோ. எடை பாக்க வீட்டு மெஷின் போதும், கப்ளிங்குக்கு அடியில, பந்து இருக்கிற உயரத்துக்குக் கட்டை வச்சு நிறுத்துங்க. மூக்கு லேசா இருந்தா 60 கி.மீ. வேகத்துல ட்ரெய்லர் வாலாட்டும். ஆட ஆரம்பிச்சா பிரேக்கை மிதிக்காம, ஆக்சிலேட்டரை விட்டு, ஸ்டியரிங்கை நேரா பிடிங்க. தண்ணி டேங்கை முழுசா நிரப்புங்க, இல்லன்னா காலியா வைங்க. பாதித் தண்ணி வளைவுக்கு வளைவு பக்கம் மாறி அடிக்கும்.

இறங்கும்போது ஏறின கியர்லயே இறங்குங்க. டீசல் எஞ்சின் தானே பிடிச்சுக்கும்னு சொல்றதை முழுசா நம்பாதீங்க. டீசல்ல, காத்தை அடைக்கிற வால்வால வர்ற பிடிமானம் பெட்ரோல் அளவுக்குக் கிடையாது, சின்ன கியர் இருந்தாத்தான் பிடிக்கும். வளைவுக்கு முன்னாடி நல்லா அழுத்தி வேகத்தைக் குறைச்சு, உடனே காலை எடுங்க. லேசா மிதிச்சுக்கிட்டே வந்தா பிரேக் ஆற நேரமே கிடைக்காது. பிரேக் ஆயில் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும். புது டாட் 4 ஆயில் 230 டிகிரிக்கு மேலதான் கொதிக்கும், ஈரம் உறிஞ்சினது 155லயே கொதிச்சுடும். பெடல் உள்ள போறது அதனாலதான்.

மூணு மாசத்துக்கு ஒரு தடவைதான் சுமைன்னா இந்த வேலை எதுவும் வேண்டாம், ஒரு குட்டி யானையை வாடகைக்குப் பிடிச்சு அனுப்பிடுங்க. ட்ரெய்லர் வச்சுத்தான் ஆகணும்னா, குமுளி ஏறினதும் முதல் டீக்கடையில நிறுத்தி ட்ரெய்லர் சக்கரத்து ஹப் மேல கையை வைங்க. வெதுவெதுன்னு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடுன்னா பேரிங்ல கிரீஸ் போயாச்சு, அங்கேயே ஜாக்கி வச்சுத் தூக்கிச் சுத்திப் பாருங்க. கரகரன்னு சத்தம் வந்தா சுமையை இறக்கிட்டுத்தான் அடுத்த அடி.