சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்ட கழுகுகள்

எட்டு வயதில் திருக்கழுக்குன்றம் மலை ஏறினேன். படிகளை எண்ணத் தொடங்கி இருநூறோடு விட்டுவிட்டேன். உச்சியில் குருக்கள் சர்க்கரைப் பொங்கலோடு பாறைமேல் காத்திருந்தார். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து இறங்கின. மஞ்சள் முகம், அழுக்கு வெள்ளை உடம்பு, மூட்டுவலிக்காரர் மாதிரி நடை. "காசியிலிருந்து வருதுடா, கும்பிட்டுக்கோ" என்றார் அப்பா. கும்பிட்டேன். கழுகு என்றால் கம்பீரமாக இருக்கும் என்று நினைத்துப் போனவனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

1990களின் கடைசியிலிருந்து அவை வருவதில்லை. கலி முற்றிவிட்டது என்பார்கள்.

கலியோ என்னவோ, அதே காலத்தில் நாடு முழுக்கப் பாறுகள், அதாவது பிணந்தின்னிக் கழுகுகள், செத்துக்கொண்டிருந்தன. 1992இல் ஆயிரம் வெண்முதுகுப் பாறு இருந்த இடத்தில் 2007இல் ஒன்றுதான் மிச்சம். காரணம் டைக்ளோஃபினாக், மாட்டுக்குப் போடுகிற வலி ஊசி. ஊசி போட்ட மாடு ஓரிரு நாளில் செத்துப்போய், அதைத் தின்றால் பாறுக்குச் சிறுநீரகம் போய்விடும். குடல், ஈரல் மேலெல்லாம் சுண்ணாம்பு அடித்தது போல யூரிக் அமிலம் படியும். இதை 2004இல்தான் கண்டுபிடித்தார்கள். 2006இல் கால்நடைகளுக்குத் தடை வந்தது. அப்புறமும் மனிதர்களுக்கான பெரிய குப்பி தொழுவத்துக்குப் போனதால், 2015இல் குப்பியையே 3 மில்லியாகச் சுருக்கினார்கள். ஆண்டுக்கு ஒரே முட்டை இடுகிற பறவை இது. போனதை ஈடுகட்ட எத்தனை காலம் ஆகும்?

புலிக்கும் யானைக்கும் உருகுகிறவர்கள்தான் நாம். செத்த மாட்டுக்குள் தலையை விடுகிற வழுக்கைக் கழுத்துப் பறவைக்காக யார் உருகுவார்? உருகவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. கும்பிட்ட கழுகும் போனது, அருவருத்த கழுகும் போனது. முதுமலைக்குக் கீழே மாயாற்றங்கரை நீர்மருத மரங்களில் இன்னும் கூடு கட்டுகிற பாறுகளுக்கு நம் பாசத்தால் ஆகப்போவது ஒன்றுமில்லை. எந்த ஊசி என்று பார்த்து வாங்கினால் போதும்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் இப்போது மாடு செத்தால் நாய்க்கூட்டம்தான். சாயங்காலம் அந்தப் பக்கம் பிள்ளைகளை அனுப்புவதில்லை.

போன மாதம் சித்தப்பாவின் பசுவுக்கு மடி வீக்கம். மருத்துவர் எழுதியது மெலாக்சிகாம், பாறுகளைக் கொல்லாத வலி ஊசி. சீட்டோடு கடைக்குப் போனேன். கடைக்காரர் வேறொரு குப்பியை எடுத்து வைத்தார்.

"மெலாக்சிகாம்னு எழுதியிருக்கே?"

"இது சீக்கிரம் கேக்கும் சார்."

"பரவாயில்லண்ணே, மெதுவாவே கேக்கட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே பின்பக்க அலமாரியில் தேடப் போனார்.