தகுதியில்லை என்று திரை சொன்ன கணினி

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. மறுநாள் காலையிலும் எங்கள் வீட்டுக் கணினி ஒன்றும் நடக்காதது போலத்தான் ஓடியது. சிக்கலே அதில்தான் இருக்கிறது. கணினி நிற்காது; புதிதாகத் தெரியவரும் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் அப்டேட் மட்டும் வராது. வங்கிக் கணக்கையும் அதே கணினியில் பார்க்கிற வீட்டில் இதைத் தள்ளிப்போட எனக்கு மனம் வரவில்லை.

விண்டோஸ் 11 போடலாமா என்று சோதித்தால், தகுதியில்லை, டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேட்கிற பாதுகாப்பு வசதி) இல்லை என்று வந்தது. "புதுசு வாங்கிடு" என்றான் தம்பி. இந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு நல்ல கணினியைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன். எங்களுடையது இன்டெல் எட்டாம் தலைமுறை, விண்டோஸ் 11 ஏற்கிற ரகம். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கிற அமைப்புத் திரை) போய்ப் பார்த்தால் டிபிஎம் உள்ளேயே இருக்கிறது, அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. டிபிஎம் என்ற பெயரில் தேடினால் அகப்படாது. இன்டெல்லில் பிடிடி, ஏஎம்டியில் எஃப்டிபிஎம் என்று இருக்கும்.

அதை ஆன் செய்த சூட்டோடு, கணினி பூட் ஆகிற பழைய லெகஸி முறையையும், விண்டோஸ் 11 கேட்கிற புது முறையான யுஇஎஃப்ஐ என்று மாற்றிவிட்டேன். ரீஸ்டார்ட் ஆனதும் கறுப்புத் திரை, பூட் செய்ய டிஸ்க் இல்லை என்று ஒரு வரி. வயிற்றைப் பிசைந்தது. தப்பு என்னுடையதுதான்: டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து வைக்கும் அமைப்பு பழைய எம்பிஆர் வடிவில் இருந்தது, யுஇஎஃப்ஐ-க்குப் புதிய ஜிபிடி வடிவம் வேண்டும். லெகஸிக்கே திரும்பி, விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவியால் டிஸ்க்கை மாற்றிவிட்டு, அதன் பிறகு யுஇஎஃப்ஐ வைத்தேன். கோப்புகள் எல்லாம் பத்திரம். ஆனாலும் பேக்கப் எடுக்காமல் இதில் கை வைக்காதீர்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், பயாஸைத் தொடுவதற்கு முன்பே அந்த 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அது கணினிக்குள் மட்டும் இருந்து பயனில்லை.

அப்புறம், இன்னும் ஹார்டு டிஸ்க்கில் ஓடுகிற கணினி என்றால் முதலில் எஸ்எஸ்டி போடுங்கள். வேகம் அதில்தான் கிடைக்கும், புது விண்டோஸில் இல்லை.

உண்மையாகவே தகுதியில்லாத பழைய கணினியில் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்ற முடியும். நான் செய்ய மாட்டேன். அப்படி ஏற்றியதற்கு அப்டேட் வந்துகொண்டே இருக்கும் என்ற உறுதி கிடையாது, நாம் மாறுவதே அப்டேட்டுக்காகத்தானே? அவகாசம் வேண்டுமென்றால் விண்டோஸ் 10-க்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தால் வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. இல்லையா, விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் ஏற்றி, கணினியில் எதையும் அழிக்காமல் ஓட்டிப் பாருங்கள். என் பழைய மடிக்கணினியில் இப்போது அதுதான். தமிழ்99 விசைப்பலகையும் இருக்கிறது.

விண்டோஸ் 11-க்கு மாறியது பிடிக்காவிட்டால் 10 நாட்களுக்குள் செட்டிங்ஸ் வழியாகவே பழைய விண்டோஸுக்குத் திரும்பலாம். எங்கள் வீட்டில் அதற்கு அவசியம் வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை, ஸ்டார்ட் பட்டன் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டது. டாஸ்க்பார் அமைப்பில் இடது பக்கம் என்று மாற்றிக் கொடுத்தேன். "இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்ல" என்றார்.