திரும்பிப் போவது அவ்வளவு லேசில்லை

மனைவியின் நாட்டுக்குக் குடிபோன பிரிட்டிஷ்காரர்கள் வருந்துகிறார்களா என்று நான் படித்த ஒரு கட்டுரை கேட்கிறது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் நினைவுக்கு வந்தார். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர்காரர், மனைவி ஆஸ்திரேலியர். வெயில், கடற்கரை, வேலை, எதிலும் குறையில்லை. ஆனால் அவர் சமையலறைச் சுவரில் இரண்டு கடிகாரங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு லீட்ஸில் இருக்கும் அம்மாவுக்குப் போன் போடுவார். பிரிட்டனின் குளிர்காலத்தில் அங்கே அப்போது காலை பத்து. அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்த அன்று வேலியைப் பிடித்தபடி நின்று அழுதார். லண்டனுக்கு நேர்விமானமே 17 மணி நேரம்.

சரி, குடும்பத்தோடு பிரிட்டனுக்குத் திரும்பிப் போகலாமே என்றால், 2024 ஏப்ரலில் இருந்து மனைவிக்கு விசா வாங்க ஆண்டு வருமானம் 29,000 பவுண்டு காட்ட வேண்டும். முன்பு 18,600 தான். அங்கே போகும் முன் மனைவி ஆஸ்திரேலியாவில் வாங்கும் சம்பளம் அந்தக் கணக்கில் சேராது! மணமுறிவு ஆனால் இன்னும் மோசம்: பிள்ளைக் கடத்தலுக்கு எதிரான 1980 ஹேக் உடன்படிக்கைப்படி, தாயின் சம்மதமோ நீதிமன்ற அனுமதியோ இல்லாமல் பிள்ளைகளைக் கூட்டிப்போக முடியாது.

அப்புறம் ஓய்வூதியம். அமெரிக்காவில் குடியேறியவருக்கு பிரிட்டிஷ் அரசு ஓய்வூதியம் ஆண்டுதோறும் ஏறுகிறது, ஆஸ்திரேலியாவில் இருப்பவருக்கு முதலில் வாங்கிய தொகையிலேயே நின்றுவிடுகிறது. பிரிட்டனில் வேலை செய்தபோது இந்த ஓய்வூதியத்துக்காக இருவரும் கட்டியது ஒரே தேசியக் காப்பீட்டுத் தொகைதானே? இது அநியாயம். கட்டுரை இதைத் தொடவே இல்லை.