படக்கோப்பு எழுத நூலகம் கட்டாயமில்லை
"நிரலிலிருந்து படக்கோப்பை உருவாக்க வேண்டுமானால் படநூலகம் (படங்களைக் கையாளும் ஆயத்த நிரல்தொகுப்பு) ஒன்றை நிறுவியே தீர வேண்டும்" என்று சொல்லப்படுவது சரியன்று; புதிதாகக் கற்பவர்களை அது வீணாகத் தயங்க வைக்கும். பிஎன்ஜி, ஜேபெக் போன்ற சுருக்கப்பட்ட வடிவங்களுக்கு நூலகம் பெரிதும் உதவும் என்பது உண்மைதான். ஆனால் பிபிஎம் (PPM) என்ற சுருக்கப்படாத எளிய பட வடிவத்தை வெறும் அச்சிடும் கட்டளையாலேயே எழுதிவிடலாம்: முதல் வரியில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் பி, அதை ஒட்டி 3, அடுத்த வரியில் அகலமும் உயரமும், அதன்பின் உச்ச மதிப்பான 255, பிறகு மேல் இடது மூலையிலிருந்து தொடங்கி ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள். "255 0 0" என்று எழுதினால் அந்தப் புள்ளி சிவப்பாகும்.

முதல் வரியில் பி6 என்று தொடங்கும் இதன் இருமக் கிளையில் எண்கள் உரையாக அல்லாமல் நேரடியாகப் பைட்டுகளாக எழுதப்படும்; ஒரு புள்ளிக்கு 3 பைட்டுகளே ஆவதால், 640×480 அளவுள்ள படம் 9,21,600 பைட்டுகளும் தலைப்பகுதியின் (வண்ண எண்களுக்கு முன்வரும் வரிகளின்) 15 பைட்டுகளும் கொண்டதாக அமையும். கோப்பு இதைவிடப் பெரிதாக இருந்தால், விண்டோஸில் உங்கள் நிரல் அதை எழுதுவதற்காக இரும முறையில் அல்லாமல் உரை முறையில் திறந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். உரை முறையில் 10 என்ற மதிப்புள்ள பைட் வரிமுடிவாகக் கருதப்படுவதால், அப்படிப்பட்ட ஒவ்வொரு பைட்டின் முன்பும் 13 என்ற பைட் நுழைந்து, வண்ணங்கள் இடம் மாறிப் படமே சிதைந்துவிடும். (ஒரு மாலை முழுவதும் நான் இதில் தவித்திருக்கிறேன்.) உலாவிகள் பொதுவாக பிபிஎம்மைக் காட்டுவதில்லை, கிம்ப் (GIMP) என்ற படத்தொகுப்பு மென்பொருள் அதைத் திறக்கும்.