சின்னதுதானே!

"சின்னதுதானே, ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாம்ல?" இன்னொரு தடவை யாராவது இப்படிக் கேட்டால், ஊசியைக் கையில் கொடுத்து உட்கார வைத்துவிடுவேன்.

ரெசின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த, மூட்டு வைத்த பொம்மைக்கு ஸ்வெட்டர் பின்னுகிறேன். பொம்மையின் உயரமே ஏறக்குறைய 30 சென்டிமீட்டர். ஊசியின் தடிமன் 1.5 மில்லிமீட்டர். ஒரு கண்ணி நழுவினால் மூக்குக்கண்ணாடிக்கு மேல் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டும். தலையோ உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை. கழுத்து வழியாக எங்கே நுழையும்? முதுகைத் திறந்து பின்னி, மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பித்தான் தைக்க வேண்டும். பொம்மையின் விரல் சட்டைக்கையில் மாட்டிக்கொள்ளும். சரி, மணிக்கட்டைக் கழற்றலாம் என்றால், உள்ளே இழுத்துக் கட்டிய எலாஸ்டிக் சுளீரென்று ஓடி ஒளிந்துகொள்ளும். கறுப்பு நூலா? சாயம் ரெசினில் ஏறிவிடும், ஜாக்கிரதை.

இத்தனையும் மலேசியாவின் சுங்கை சிப்புட் புழுக்கத்தில், வியர்வையில் நூல் விரலோடு ஒட்ட ஒட்ட. நல்ல மெல்லிய நூல் வேண்டுமென்றால் ஈப்போவுக்கு ஓட வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்கா, "பொம்மைக்குக் குளிருமாடி?" என்கிறார். கோயிலில் ஒரு மாமா, "கேமரன் மலைக்குக் கூட்டிட்டுப் போறியாம்மா?" என்கிறார். சிரித்தாச்சு. அப்புறம் வருகிறது விலை. "பத்து வெள்ளிக்குக் கொடேன், இத்தூண்டுதானே!" இதே வாய் நகைக்கடையில், மோதிரம் சின்னது, விலையைக் குறை என்று கேட்குமா?

நேற்று ஒருவர், மிச்ச நூலில் தன் பேரனுக்கும் ஒன்று போட்டுத் தரச் சொன்னார். மிச்சம் இருப்பது மூன்று முழம்!