வேண்டாம் என்று சொல்ல ஏழு வார்த்தை போதும்

"இக்கதை என் சொந்தக் கற்பனையே. தழுவலோ மொழிபெயர்ப்போ அல்ல. வேறு எந்த இதழுக்கும் அனுப்பவில்லை. தங்கள் முடிவு தெரியும்வரை அனுப்பவும் மாட்டேன்."

சிறுகதை அனுப்புகிறவர்கள் கதைக்கு அடியில் எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிற உறுதிமொழி இது. இது இல்லாவிட்டால் கதையைப் படிக்கவே மாட்டோம் என்கிற இடங்கள் ஏராளம். சரி, தருகிறோம். எழுதியவர் கட்டுப்பட்டாயிற்று. வாங்கிக்கொண்டவர் எதற்குக் கட்டுப்பட்டார்? "தங்கள் முடிவு தெரியும்வரை" என்று எழுதி வாங்குகிறார்களே, அந்த முடிவை என்றைக்குச் சொல்வார்கள்? அதற்கு மட்டும் தேதி கிடையாது. மூன்று மாதம் போகிறது, ஆறு மாதம் போகிறது, ஒரு வரி பதில் இல்லை. வேண்டாம் என்றாவது சொல்லித் தொலையுங்களேன்!

இதன் விலை என்ன என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு கதை ஓர் இடத்தில் ஆறு மாதம் கிடந்தால் வருடத்துக்கு இரண்டே இடங்களுக்குத்தான் அதை அனுப்ப முடியும். ஐந்து இடங்களைப் பார்த்துவர 30 மாதம். இரண்டரை வருடம் ஒரே கதை பூட்டிக் கிடக்கிறது. அதற்குள் கதையில் வருகிற கைபேசியும் பழசாகிவிடும், எழுதியவரின் நடையும் மாறிவிடும். அவருக்கே அந்தக் கதை பிடிக்காமல் போய்விடும். அந்த இடைவெளியில் நாலு பேர் படிக்கட்டுமே என்று முகநூலில் போடவும் வழியில்லை. இருபது நண்பர்கள் பார்க்கிற பக்கத்தில் போட்டாலும் "ஏற்கெனவே பிரசுரமானது" என்று ஒதுக்கிவிடுகிற இதழ்கள் பல. ஆக, கதையை யாரும் படிக்கவில்லை, யாருக்கும் காட்டவும் கூடாது.

அனுப்புவதற்கு முன் எவ்வளவு வேலை நடக்கிறது என்று கேட்கிற பக்கத்துக்குத் தெரிகிறதா? ஓர் இடம் 1500 வார்த்தைக்குள் கேட்கிறது, இன்னோர் இடம் 3000 வரை போகலாம் என்கிறது. 4200 வார்த்தையில் முடிந்த கதையை 2500க்குக் கொண்டுவருவது 1700 வார்த்தையை அழிக்கிற காரியம் இல்லை. வரிக்கு வரி கிள்ளினால் முந்நூறு நானூறு குறையும், அதோடு கதை மூச்சுத் திணற ஆரம்பித்துவிடும். ஒரு துணைப் பாத்திரத்தையே எடுத்தால்தான் ஆயிரம் வார்த்தை குறையும். எடுத்தபின் அந்த ஆள் சொல்லித்தான் மற்றவர்களுக்குத் தெரியவந்த விஷயங்களையெல்லாம் வேறு வழியில் தெரியவைக்க வேண்டும். ஒரு தேநீர்க் கோப்பையை அவன் எடுத்து வைத்திருந்தால்கூட அதை இனி யார் எடுத்து வைத்தார் என்று பார்க்க வேண்டும். வேலைக்குப் போய்விட்டு வந்து ராத்திரியில் உட்காருகிறவருக்கு இது இரண்டு மூன்று வாரம். அப்புறம் வரி இடைவெளி, பக்க எண், பெயர் முதல் பக்கத்தில் இருக்க வேண்டுமா, கூடவே கூடாதா, கதை மின்னஞ்சலுக்குள்ளா இணைப்பாகவா, கோப்புக்கு என்ன பெயர் என்று இடத்துக்கு இடம் மாறுகிற விதிகள். அவற்றில் ஒன்றை மீறினாலும் கதை தள்ளப்படும். அந்தக் கண்டிப்பு நியாயமானதுதான், எனக்கு அதில் புகார் இல்லை. அதே கண்டிப்பை உங்கள் பக்கத்தில் ஒரே ஒரு பதிலுக்குக் காட்டுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

தமிழில் எழுதுகிறவருக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரிகிற யூனிகோடு முறையில் வேண்டும் என்பார் ஒருவர், பக்க வடிவமைப்புக்காகப் பழைய எழுத்துருவில் வேண்டும் என்பார் இன்னொருவர். பாமினி போன்ற எழுத்துருவில் தட்டிய கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் தெரியும். யூனிகோடிலிருந்து மாற்றினாலோ, கதைக்குள் இருக்கும் ஆங்கிலச் சொல்லும் சில நிறுத்தக்குறிகளும் சம்பந்தமில்லாத தமிழ் எழுத்துகளாகிவிடும். ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில்தான் அந்த எழுத்துரு தமிழை உட்கார வைத்திருக்கிறது. யூனிகோடிலேயே 'கௌ' என்பதை 'கெ', 'ள' என்று இரண்டு எழுத்தாகத் தட்டியிருந்தால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், தேடினால் கிடைக்காது. அதனால் எதை அனுப்பினாலும் கூடவே ஒரு பிடிஎஃப் வைத்து அனுப்புங்கள். எழுத்து உடைந்தால் மூலம் எப்படி இருந்தது என்று அதைப் பார்த்தாவது தெரிந்துகொள்ளட்டும்.

இப்போது அந்த மௌனத்துக்கு வருகிறேன். அது நிராகரிப்பாக மட்டும் இருந்தால் பரவாயில்லை. பதில் வராததற்கு எத்தனை அர்த்தம் இருக்கிறது தெரியுமா? மின்னஞ்சல் ஸ்பாமுக்குப் போயிருக்கலாம். கோப்பு திறக்காமல் இருந்திருக்கலாம். திறந்து எழுத்து உடைந்திருப்பதைப் பார்த்து மூடியிருக்கலாம். முதல் பத்தியோடு நிறுத்தியிருக்கலாம். உதவியாசிரியருக்குப் பிடித்து ஆசிரியரின் மேசையில் காத்திருக்கலாம். அடுத்த சிறப்பிதழுக்கு எடுத்தே வைத்திருக்கலாம். இந்த ஆறுக்கும் எழுதியவர் செய்ய வேண்டியது ஆறு விதம். ஸ்பாம் என்றால் மறுபடி அனுப்ப வேண்டும், எடுத்து வைத்திருந்தால் பொறுமையாக இருக்க வேண்டும், பிடிக்கவில்லை என்றால் அடுத்த இடத்துக்குப் போக வேண்டும். எது என்று தெரியாததால் எதையும் செய்ய முடியாமல், ஒரு நாளைக்கு இருபது தடவை அஞ்சல் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நினைவூட்டல் அனுப்பலாம்தான். இரண்டு வரிக்குள், கதையின் தலைப்பு, அனுப்பிய தேதி, அனுப்பிய முகவரி இவை மூன்றும் இருக்கும்படி, பழைய மின்னஞ்சலுக்கே மறுமொழியாக அனுப்ப வேண்டும். புதிதாக எழுதினால் எந்தக் கதை என்று தேடிப் பார்க்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். அதற்கும் பதில் வராது என்பது வேறு விஷயம்.

தபாலில் அனுப்பிய காலத்தில், போதிய தபால்தலை ஒட்டிய சுயவிலாசமிட்ட உறையை எழுத்தாளரே வைத்து அனுப்புவார். வருத்தத்தோடு திருப்பி அனுப்புகிறோம் என்று அச்சடித்த துண்டுச் சீட்டு அதில் திரும்பி வரும். திரும்பி வந்த கதையை அன்றைக்கே அடுத்த உறையில் போடலாம். அன்று ஒரு கதையை எடுத்து, மடித்து, ஒட்டி, தபாலில் சேர்க்க வேண்டியிருந்தது. அதைச் செய்தவர்கள் இருந்தார்கள். இன்று ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்த ஆள் இல்லை என்கிறார்கள்!

வருகிற கதைகள் அதிகம், ஆட்கள் குறைவு, பல சிற்றிதழ்களைச் சம்பளமே இல்லாமல் நடத்துகிறார்கள் என்ற பதிலை மறுக்கவில்லை. கதைக்கு விமர்சனமோ, ஏன் பிடிக்கவில்லை என்ற விளக்கமோ யாரும் கேட்கவில்லை. "உங்கள் கதையைப் படித்தோம். பயன்படுத்த இயலவில்லை. வேறிடத்துக்கு அனுப்பிக்கொள்ளலாம்." ஏழு வார்த்தை. ஒரு தடவை தட்டி வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் ஒட்டலாம். ஒரு மின்னஞ்சலைத் திறந்து இதை ஒட்டி அனுப்ப 15 விநாடி என்று வைத்துக்கொள்வோம். மாதம் 300 கதை வந்தாலும் 4500 விநாடி, அதாவது 75 நிமிடம். மாதத்துக்கு ஒன்றேகால் மணி நேரம்! அதுவும் முடியாதென்றால், 90 நாளில் பதில் வராவிட்டால் ஏற்கப்படவில்லை என்று கொள்க என்று விதிகளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அதுவும் முடியாதென்றால் ஒரே சமயத்தில் பல இடங்களுக்கு அனுப்ப அனுமதியுங்கள்; ஓர் இடத்தில் தேர்வானால் மற்ற இடங்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று மட்டும் நிபந்தனை வையுங்கள். ஆங்கில இலக்கிய இதழ்கள் பல வெகுகாலமாக இப்படித்தான் நடத்துகின்றன. கதையைக் கையில் பிடித்துக்கொண்டு வாயையும் திறக்காமல் இருப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை.

இதைவிடக் கொடுமை, சொல்லாமலே பிரசுரிப்பது. எட்டு மாதம் பொறுத்துப் பார்த்து, இனி வராது என்று வேறிடத்துக்குக் கதையை அனுப்பிய பிறகு முதல் இதழில் அது வந்துவிடும். அதை எழுத்தாளருக்கு யாரோ ஒரு வாசகர் சொல்லித்தான் தெரியும். இரண்டாவது இதழும் அதே மாதம் போட்டுவிட்டால் ஏமாற்றுக்காரர் என்ற பட்டம் எழுத்தாளருக்குத்தான், பதில் போடாதவருக்கு இல்லை. இதிலிருந்து தப்ப ஒரே வழி, கதையைத் திரும்பப் பெறும் கடிதம். தலைப்பு, அனுப்பிய தேதி, "இன்று முதல் இக்கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், பிரசுரிக்க வேண்டாம்" என்ற ஒரு வரி. அதை அனுப்பி ஒரு வாரமாவது விட்டு அடுத்த இடத்துக்கு அனுப்புங்கள். அந்த மின்னஞ்சலை அழிக்காதீர்கள். சண்டை வந்தால் கையில் இருக்கிற ஒரே சான்று அதுதான்.

அப்படி வந்த கதை முழுசாக வந்ததா என்றும் பாருங்கள். விளம்பரத்துக்கு இடம் வேண்டுமென்று கடைசிப் பத்தியை வெட்டியிருப்பார்கள். கதையின் முடிச்சே அங்குதான் இருந்திருக்கும். வடிவமைத்த பக்கத்தின் பிடிஎஃப்பை ஒரு நாள் முன்பாக அனுப்பியிருந்தால், 150 வார்த்தையை வேறு இடத்தில் குறைத்துத் தர எழுதியவரால் முடியும். எங்கே வெட்டினால் ரத்தம் வராது என்று அவருக்குத்தான் தெரியும். படைப்பைத் திரித்து ஆசிரியரின் மதிப்புக்கும் பெயருக்கும் ஊறு செய்வதை எதிர்க்கும் உரிமையை, காப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கை 1928இலேயே ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே உடன்படிக்கையின்படி காப்புரிமை எழுதிய கணமே எழுதியவருக்கு வந்துவிடும், எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. கதையை அனுப்பினோம் என்பதாலேயே உரிமை கைமாறிவிடாது. ஆனால் போட்டி விதிகளில் "வரும் படைப்புகள் அனைத்தின் உரிமையும் எங்களுக்கே" என்று பொடி எழுத்தில் போட்டிருப்பதைப் படிக்காமல் சம்மதம் கொடுத்தால் சிக்கல் நம் தலையில். பரிசு பெறாத கதையையும் சேர்த்து எழுதி வாங்குகிறார்கள் என்றால் அந்தப் போட்டிக்கு அனுப்பாதீர்கள்.

சிறுகதைக்கே இந்தப் பாடு என்றால் நாவலுக்குக் கேட்க வேண்டாம். இரண்டு வருடம் எழுதி, ஆறு தடவை திருத்தி, பதிப்பகங்களுக்கு அனுப்பி, பதிலுக்காக வாடிக் கிடக்கிறவருக்குத் திடீரென்று இரண்டே நாளில் ஒரு பதில் வரும்: "உங்கள் நாவல் தேர்வாகியுள்ளது." அடுத்த வரியில் எவ்வளவு பணம் கட்ட வேண்டும் என்ற பட்டியல். 400 பக்கத்தை இரண்டு நாளில் யார் படித்தார்? 11ஆம் அத்தியாயத்தில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள், மழுப்புவார்கள். மற்றவர்களின் மௌனம்தான் இவர்களுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறது. யாராவது நம்மைப் படித்தார்களே என்ற ஏக்கத்தில், சேமிப்பை எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள் மனிதர்கள். நினைத்தாலே வயிறு எரிகிறது.

சொந்தச் செலவில் புத்தகம் போடுவதில் கேவலம் எதுவும் இல்லை. அச்சுச் செலவு இவ்வளவு, பிழை திருத்தம் இவ்வளவு, புத்தகம் அத்தனையும் உங்களுக்கே என்று நேராகச் சொன்னால் அது நேர்மையான தொழில். பணமும் வாங்கிக்கொண்டு உரிமையையும் வாங்கிக்கொள்வதுதான் அக்கிரமம். ஐஎஸ்பிஎன் வாங்கித் தருகிறோம், அதனால் உங்கள் காப்புரிமைக்குப் பாதுகாப்பு என்பார்கள். அந்த 13 இலக்கம் புத்தகத்தை அடையாளம் காண்பதற்கான எண், காப்புரிமைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. விற்பனையில் எழுத்தாளருக்குத் தருகிற பங்கான ராயல்டி 10 சதவீதம் என்பார்கள். எதில் 10 என்று கேளுங்கள். அட்டை விலை 100 பங்கு என்றால் அட்டை விலையில் பத்து சதவீதம் 10 பங்கு. விற்பவருக்கு 40 பங்கு கழிவு போனபின் மிஞ்சுகிற 60இல் பத்து சதவீதம் 6 பங்குதான். ஒப்பந்தத்தில் எதில் 10 என்கிற இந்த ஒரு சொல் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள். 500 பிரதி அச்சிடுகிறோம் என்று சொல்லி, கேட்கக் கேட்க ஐந்தும் பத்தும் அடித்துத் தருகிறார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை உங்களுக்குத் திரும்பும் என்ற வரி முன்பு பயன்பட்டது. தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் எந்தப் புத்தகமும் அச்சில் இல்லாமல் போகவே போகாது. ஆகவே வருடத்துக்கு இத்தனை பிரதிக்குக் கீழே விற்றால் உரிமை திரும்பும் என்று எண்ணிக்கை போட்டு எழுதச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த தடவை சிறுகதை அனுப்பும்போது அந்த உறுதிமொழியின் கடைசி வரியையும் மாற்றுங்கள். "தங்கள் முடிவு தெரியும்வரை" என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: "இன்றிலிருந்து 90 நாள்வரை இக்கதையை வேறெங்கும் அனுப்ப மாட்டேன். அதற்குள் பதில் வராவிடில், மறு அறிவிப்பின்றி இக்கதை திரும்பப் பெறப்பட்டதாகக் கொள்ளவும்." கீழே தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். இதற்காகவே கதையைப் படிக்காமல் தள்ளுகிற ஆசிரியர் இருந்தால் தள்ளட்டும். தள்ளினேன் என்றாவது ஒரு வரி எழுதட்டும்.