குவேலாப்புக்கு எதற்கு இரவல் பெயர்?

பெருவுக்குப் போய்வந்தேன் என்றதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: மச்சு பிச்சு எப்படி இருந்தது? இன்காப் பேரரசின் அந்தப் புகழ்பெற்ற மலைநகரத்துக்குப் போகவில்லை என்றதும், காசிக்குப் போய்க் கங்கையில் கால் நனைக்காமல் திரும்பியவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

நான் போனது நாட்டின் வடக்கே, சச்சாபோயாஸ் மலைகளுக்கு. லிமாவிலிருந்து ஹாயேன் வரை விமானம். பிறகு ஆற்றை ஒட்டி வளைந்து வளைந்து போகும் மலைப்பாதையில் சில மணி நேரம் கார். வயிறு கொஞ்சம் திடமாக இருக்க வேண்டும்.

குவேலாப் கோட்டை ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரத்தில், ஒரு மலை முகட்டின் மேல் இருக்கிறது. சில இடங்களில் மதில் 20 மீட்டர் வரை எழும்புகிறது. உள்ளே 400க்கும் மேற்பட்ட வட்ட வடிவ வீடுகளின் அடித்தளங்கள். வாயில்கள் உள்ளே போகப்போகக் குறுகி, கடைசியில் ஒற்றை ஆள் மட்டும் நுழையும்படி கட்டியிருக்கிறார்கள். கட்டுமானம் தொடங்கியது கி.பி. 6ஆம் நூற்றாண்டு வாக்கில். மச்சு பிச்சுவோ 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

ஆனால் விளம்பரப் பலகைகளிலும் பயண நிறுவனங்களின் தாள்களிலும் இதற்குப் பெயர் 'வடக்கின் மச்சு பிச்சு'. எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். இந்தக் கோட்டையைக் கட்டிய மக்களை 1470 வாக்கில் படையெடுத்து வந்து அடக்கியவர்கள் இன்காக்கள். அடக்கிய பிறகு கூட்டங்கூட்டமாக வேறு ஊர்களுக்குப் பெயர்த்து அனுப்பினார்கள். அந்த வன்மம் ஆறாமல்தான், ஸ்பானியர்கள் வந்தபோது இம்மக்கள் அவர்களோடு சேர்ந்துகொண்டார்கள். இம்மக்களைக் குறிக்கும் 'சச்சாபோயா' என்ற பெயர்கூட இன்காக்கள் வைத்தது. தங்களைத் தாங்களே என்னவென்று அழைத்துக்கொண்டார்கள் என்பதற்குப் பதிவே இல்லை. பெயரைத்தான் இழந்துவிட்டார்கள், கோட்டைக்குமா வென்றவனின் ஊர்ப்பெயர்?

பெயர் போகட்டும், அதனால் வரும் விளைவு இன்னும் மோசம். மச்சு பிச்சுவை மனதில் வைத்து வருபவர்கள் 2017இல் திறந்த கேபிள் காரில் ஏறி, இருபது நிமிடத்தில் மேலே போய், படம் எடுத்து, 'அந்த அளவுக்கு இல்லை' என்று இறங்கிவிடுகிறார்கள். (கேபிள் காரை நான் குறை சொல்லவில்லை. அதில்தான் நானும் போனேன்.) 2022 ஏப்ரலில் மழையில் மதிலின் ஒரு பகுதி சரிந்ததையும், இத்தனை பழைய கல்லைத் தாங்கிப் பிடிக்க எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பதையும் யோசிக்க அவர்களுக்கு நேரம் இருப்பதில்லை.

லெய்மெபாம்பா என்ற சிற்றூருக்குப் போகிறவர்கள் இன்னும் குறைவு. அங்கே ஒரு சிறிய அருங்காட்சியகம். காண்டோர் ஏரிக்கு மேலே பாறை விளிம்பில் இருந்த கல்லறைகளிலிருந்து 1997இல் மீட்ட 200க்கும் மேற்பட்ட மம்மிகள் அங்கே இருக்கின்றன. நிபுணர்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே புதையல் தேடியவர்கள் சில துணிப்பொதிகளை வெட்டுக்கத்தியால் கிழித்துவிட்டிருந்தார்கள். மிஞ்சியவை கண்ணாடிக்கு அப்பால், முழங்காலை மார்போடு மடக்கி உட்கார்ந்திருக்கின்றன. சில பொதிகளின் மேல் நூலால் தைத்த முகம்: இரண்டு கண், ஒரு மூக்கு, ஒரு வாய். குழந்தை வரைந்ததுபோல் அவ்வளவு எளிமை. மதிய நேரம் முழுவதும் அங்கேயே கழித்தேன். என்னைத் தவிர இரண்டு பேர்தான் வந்தார்கள்.

போகிறவர்கள் மே முதல் செப்டம்பருக்குள் போங்கள், மழை குறைவு. குறைந்தது நான்கு நாள் ஒதுக்குங்கள். குவேலாப்பில் வட்ட வீடுகளுக்கு நடுவே சில செவ்வகக் கட்டடங்கள் தென்படும். அவை இன்காக்கள் வந்த பிறகு எழுந்தவை.